கொலாஜன் கோட்டிங்: செல் வளர்ப்பு அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்ப்பு அறையின் சாவி என்னிடம் இருப்பதால் சந்தேகங்களும் என்னிடமே வந்து சேரும். ஆண்டுதோறும் ப்ராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள், செல் போடும் முன் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் வளர்ப்புத் தட்டின் (பிளேட்) அடியில் கொலாஜன் பூசும் விஷயத்தில் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான், ஏறக்குறைய ஒரே வரிசையில் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதிவிட்டேன். தனியாக எதுவும் சொல்லாத இடங்களில் கொலாஜன் என்றால் எலி வாலிலிருந்து எடுத்து அமிலத்தில் கரைத்து வைத்த டைப் 1 கொலாஜன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலாஜன்னா ஃபேஸ் க்ரீம் விளம்பரத்துல வருமே, அதுவா அக்கா?

அதேதான், ஆனால் க்ரீமை மறந்துவிடுங்கள். தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய்ச் சுவர் என்று உடம்பைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கும் புரதம் இது. மூன்று சங்கிலிகள் சடைப்பின்னல் மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரு மூலக்கூறாகின்றன. நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சேமியா ஒன்று 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு உடையாமல் கிடந்தால் எப்படியோ, அந்த வாகு. இந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி பதில்கள் தானாகப் புரியும்.

இன்று நாம் படிக்கும் மூன்றிழை அமைப்புக்கு அடித்தளம் போட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில். 1954-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்ரே படங்களை வைத்து அதை முன்வைத்தார்கள். மறு ஆண்டே, மூன்று இழைகளும் கயிறு போல ஒன்றோடொன்று முறுக்கியிருக்கின்றன என்று தங்கள் மாதிரியைத் தாங்களே திருத்தினார்கள். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ட்ரிபிள் ஹீலிக்ஸ் என்று பெயர் வைத்திருப்பது இதை வைத்துத்தான். 'கொல்லா' என்றால் கிரேக்கத்தில் பசை. தோலையும் எலும்பையும் காய்ச்சித் தச்சர்கள் எடுத்த வச்சிரமும் இந்தப் புரதத்திலிருந்து வருவதுதான்.

அப்போ செல்லை பிளேட்டுல ஒட்ட வைக்கிற பசைதானே இது?

பெயர் பசை என்றாலும் இங்கே செய்யும் வேலை வேறு. செல்லின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஆல்ஃபா1பீட்டா1, ஆல்ஃபா2பீட்டா1 போன்ற சில, கொலாஜன் பின்னலில் உள்ள குறிப்பிட்ட அமினோ அமில வரிசையைத் தேடிப் பிடிக்கின்றன. அதற்கு மெக்னீசியம் வேண்டும், பின்னல் முறுக்கு அவிழாமலும் இருக்க வேண்டும். பிடித்ததும் செல்லின் உள்ளே 'தரை கிடைத்துவிட்டது' என்ற செய்தி போகிறது. செல் விரிகிறது, பிழைக்கிறது, பெருகுகிறது. ஊன்ற இடம் கிடைக்காத செல்களில் பல தாமாகவே செத்துப்போகும்.

உண்மையான பசை மாதிரி வேலை செய்வது பாலிலைசின். அது நேர் மின்னூட்டம் கொண்டது, செல்லின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது, அவ்வளவுதான். அதில் செல் ஒட்டும், ஆனால் கொலாஜன் சொல்லும் செய்தி அதில் இல்லை. எது வேண்டும் என்பது உங்கள் சோதனையைப் பொறுத்தது.

என் ஹீலா செல் எதுவுமே பூசாம ஒட்டுதே. எல்லாருக்கும் இது தேவையா?

தேவையில்லை. செல் வளர்ப்பு பிளேட்டுகள் பாலிஸ்டைரீன்தான் என்றாலும் தொழிற்சாலையிலேயே அவற்றின் மேற்பரப்பை நீர் ஒட்டும்படி மாற்றித்தான் அனுப்புகிறார்கள். அதன் மேல் நீங்கள் ஊற்றும் மீடியத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவம்) சேர்த்த சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் என்ற ஒட்டும் புரதங்கள் இருக்கின்றன. அவை முதலில் போய்ப் படிந்துகொள்ளும், செல் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஹீலா, வெரோ, 3டி3 மாதிரி ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் செல்கள் எல்லாம் இதிலேயே சுகமாக வாழும். அவற்றுக்குக் கொலாஜன் போடுவது காசை ஊற்றுவது.

உடம்பிலிருந்து நேரடியாகப் பிரித்த கல்லீரல் செல்கள், ரத்தக்குழாய் உட்சுவர் செல்கள், உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் பல வகை எபிதீலியல் செல்கள், பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாத பிசி12 செல்கள் ஆகியவற்றுக்குத்தான் பூச்சு வேண்டும். சீரம் இல்லாத மீடியத்துக்கு மாறும்போதும் யோசியுங்கள். சீரத்தோடு அந்த இலவச ஃபைப்ரோனெக்டினும் போய்விடுகிறது. 'சீரத்தை எடுத்ததும் செல் கழன்றுவிட்டது' என்று வருபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இது புது டெக்னிக்கா?

எழுபது வயது ஆகிறது. 1956-ல் எர்மான், ஜார்ஜ் கை (Gey) இருவரும் எலி வால் கொலாஜனைக் கரைத்து, கண்ணாடி போலத் தெளிவான ஜெல்லாக உறையவைத்து, அதன் மேல் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். அந்த ஜார்ஜ் கைதான் ஹீலா செல்களை முதலில் வளர்த்தவர். 1975-ல் மைக்கலோபுலோஸும் பிட்டும் கல்லீரல் செல்களைக் கொலாஜன் படலத்தின் மேல் வளர்த்தார்கள். இன்று கல்லீரல் செல் என்றாலே கொலாஜன் என்று கை தானாகப் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எலி வால், மாட்டுத் தோல், மீன்னு விலைப்பட்டியல்ல நிறைய இருக்கு. எதை வாங்குறது?

பொதுவான வேலைக்கு எலி வால். வாலுக்குள் நீளநீளமாகத் தசைநாண் இழைகள் இருக்கும், உருவி எடுப்பது சுலபம், கிட்டத்தட்ட முழுக்க டைப் 1. இளம் விலங்கில் குறுக்குப் பிணைப்புகள் குறைவு என்பதால் நீர்த்த அமிலத்திலேயே கரையும்.

மாட்டுத் தோல் கொலாஜனைப் பெரும்பாலும் பெப்சின் நொதியால் கரைத்து எடுப்பார்கள். பெப்சின் பின்னலைத் தொடாது, இரு முனைகளிலும் முறுக்கு இல்லாமல் தொங்கும் சிறு வால்களை மட்டும் வெட்டும். இதற்கு அட்டிலோகொலாஜன் என்று பெயர். மெல்லிய பூச்சுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் நடக்கும். ஜெல் செய்யும்போதுதான் வித்தியாசம் தெரியும், முனை வெட்டியது மெதுவாக உறையும். மாட்டிலிருந்து வந்ததைத் தொட விரும்பாதவர்களும் எலி வாலுக்குப் போகலாம், வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

மீன் கொலாஜனில் மட்டும் கவனம். எந்த வெப்பத்தில் பின்னல் அவிழும் என்பது அந்த விலங்கு வாழும் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். குளிர்கடல் மீனின் கொலாஜன் அறை வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். ஜிலேபி மீன் மாதிரி வெதுநீர் மீனுடையது முப்பது டிகிரிக்கு மேலும் கொஞ்சம் தாங்கும், அப்படியும் 37 டிகிரி இன்குபேட்டருக்கு அது சரியான ஆள் அல்ல.

டைப் 1, 2, 4ன்னு போட்டிருக்கே, நம்பர் கூடினா தரம் கூடுமா?

இல்லை, அவை கண்டுபிடித்த வரிசையில் வந்த எண்கள். தோல், எலும்பு, தசைநாணில் டைப் 1. குருத்தெலும்பில் டைப் 2. எபிதீலியல் செல்களும் ரத்தக்குழாய்ச் செல்களும் உட்காரும் அடித்தளச் சவ்வில் டைப் 4, இது இழையாகாமல் வலையாகப் பின்னும். உங்கள் செல் உடம்பில் எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். முடிவு செய்ய முடியாவிட்டால் டைப் 1-ல் தொடங்குங்கள், விலையும் குறைவு.

எவ்வளவு போடணும்? ஒருத்தர் மைக்ரோகிராம்ல சொல்றார், இன்னொருத்தர் சதவீதத்துல சொல்றார், குழம்புது.

பரப்பளவை வைத்துக் கணக்குப் போடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. கரைசலை மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஆறு குழி பிளேட்டில் ஒரு குழியின் பரப்பு சுமார் 9.5 சதுர செ.மீ., 1 மி.லி. ஊற்றினால் 5-ஐத் தாண்டிவிடும். 24 குழி பிளேட்டில் 1.9 சதுர செ.மீ., 300 மைக்ரோலிட்டர் ஊற்றினால் 8-க்குப் பக்கத்தில். 96 குழியில் 0.32 சதுர செ.மீ., 50 மைக்ரோலிட்டர், அதுவும் 8-க்குப் பக்கத்தில்.

பாட்டிலில் மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் இருந்தால் 80 மடங்கு நீர்க்க வேண்டும். 10 மி.லி. தயாரிக்க 125 மைக்ரோலிட்டர் கொலாஜன், மீதி அமிலம். கொலாஜன் பிசுபிசுவென்று இருக்கும். பிபெட்டில் மெதுவாக இழுங்கள், முனையின் வெளிப்பக்கத்தைத் துடைக்காமல் அமிலத்தில் மூழ்கவிடாதீர்கள். வெளியே ஒட்டிய துளியே உங்கள் கணக்கைக் கெடுக்கும்.

நிறைய போட்டா நல்லா ஒட்டுமா?

ஓர் அளவுக்கு மேல் போகாது. பிளாஸ்டிக்கில் ஒரு படலம் படிய இதில் சிறு பகுதியே போதும். மீதி கரைசலிலேயே நின்று, உறிஞ்சும்போது வெளியே போகிறது. 5-லேயே ஒட்டாத செல் 50-ல் ஒட்டப் போவதில்லை, கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

ஏன் அசிட்டிக் அமிலம்? பி.பி.எஸ்.லயே கரைச்சா கழுவுற வேலை மிச்சமாகுமே?

மிச்சமாகாது, பி.பி.எஸ். என்ற நடுநிலை உப்புக் கரைசலில் அது கட்டிகட்டியாகும். அமிலத்தில் கொலாஜன் மூலக்கூறுகள் எல்லாம் நேர் மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். நடுநிலை பி.எச்.சும் உப்பும் கொஞ்சம் வெப்பமும் சேர்ந்தால், உடம்பில் செய்வதைப் போலவே, பக்கம் பக்கமாக அடுக்கி இழையாகத் தொடங்கும். அப்புறம் பூச்சு சீராக விழாது, அங்கங்கே நார் நாராகக் கிடக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. பதப்படுத்திய பிளாஸ்டிக் எதிர் மின்னூட்டம் கொண்டது, அமிலத்தில் உள்ள கொலாஜன் நேர் மின்னூட்டம் கொண்டது, தானே போய் ஒட்டும். 0.02 மோலார் அசிட்டிக் அமிலம் போதும், லிட்டருக்கு 1.15 மி.லி. கிளேசியல் அமிலம். வீட்டு வினிகர் வேண்டாம். சிரிக்காதீர்கள், கேட்டிருக்கிறார்கள்.

சரி, செய்முறையை முழுசா ஒருமுறை சொல்லிடுங்க.

கொலாஜன் பாட்டிலையும் அமிலத்தையும் ஐஸில் வையுங்கள். ஹூட்டுக்குள் (கிருமி நீக்கிய காற்று வீசும் பெட்டி) மேலே சொன்ன கணக்குப்படி நீர்த்து, குமிழி வராமல் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் குலுக்கியில் வைக்க வேண்டாம். குழிகளில் ஊற்றி, பிளேட்டை வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு என்று அசைத்து அடி முழுக்க நனைந்ததா பாருங்கள். வட்டமாகச் சுழற்றினால் திரவம் ஓரத்துக்குப் போய்விடும்.

மூடி, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம். அப்புறம் பிளேட்டைச் சாய்த்து ஓரத்திலிருந்து உறிஞ்சுங்கள், முனை அடியைச் சுரண்டக் கூடாது. பி.பி.எஸ்.ஸால் மூன்று முறை கழுவுங்கள். உடனே செல் போடுவதாக இருந்தால் கடைசி பி.பி.எஸ்.ஸை விட்டுவைத்து, செல் தயாரானதும் எடுத்துவிட்டு மீடியத்தோடு போடுங்கள். ஒரு குழியை மட்டும் கொலாஜன் இல்லாமல், வெறும் அமிலம் ஊற்றி, மற்றதைப் போலவே கழுவி வையுங்கள். அந்த ஒரு குழி இல்லாமல் என்னிடம் சந்தேகம் கேட்டு வராதீர்கள்.

37 டிகிரியில வெச்சா சீக்கிரம் ஒட்டாதா?

ஒரு மணி நேரம் 37-ல் வைப்பவர்களும் உண்டு, நடக்கிறது. ஆனால் தனி மூலக்கூறாக நீர்த்த அமிலத்தில் மிதக்கும் பாலூட்டிக் கொலாஜன் அவிழும் வெப்பம் உடல் வெப்பத்துக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. இழையாக அடுக்கிய பிறகுதான் அது உறுதிப்படுகிறது. அதனால் அவசரமில்லை என்றால் அறை வெப்பம். இரவு முழுக்க வைக்க வேண்டுமானால் 4 டிகிரி.

அறை வெப்பம் என்று நான் சொல்வது ஏ.சி. ஓடும் 22, 25 டிகிரி அறையை. சென்னையில் மே மாதம் கரண்ட் போன மதியத்தில் அறையின் வெப்பம் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

பாட்டிலை ராத்திரி முழுக்க மேசை மேலயே விட்டுட்டேன். தூக்கிப் போடணுமா?

முதலில் சோதித்துப் பாருங்கள். அரை மில்லிலிட்டரைக் கீழே ஜெல் கேள்வியில் சொல்லியிருக்கிறபடி நடுநிலையாக்கி 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பால் போல வெளுத்துக் கெட்டியானால் பின்னல் பிழைத்திருக்கிறது. தண்ணீராகவே நின்றால் அவிழ்ந்துவிட்டது, அது இனி கொலாஜன் அல்ல, ஜெலட்டின். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம் என்பதால் சந்தேகம் வரும்போதெல்லாம் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஃப்ரீசர்ல வெச்சா ரொம்ப நாள் வருமே?

வேண்டாம். உறைந்து உருகும்போது மூலக்கூறுகள் திரண்டுவிடும், கரைசல் சமச்சீராக இருக்காது. ஃப்ரிட்ஜின் 2 முதல் 8 டிகிரிதான் இடம். ஃப்ரீசர் தட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். ஏற்கெனவே உறைந்திருந்தால் முந்தைய பதிலில் உள்ள சோதனை.

ஆட்டோகிளேவ் பண்ணலாமா? இல்ல ஃபில்டர்?

ஆட்டோகிளேவ் செய்தால், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால், ஆட்டுக்கால் சூப் கிடைக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை. எலும்பையும் தோலையும் நெடுநேரம் கொதிக்க வைக்கும்போது நடப்பது இதுவேதான்: மூன்று இழை பிரிந்து ஜெலட்டின் ஆகிறது. அதனால்தான் மிச்ச சூப் ஃப்ரிட்ஜில் கட்டியாகிறது.

பாட்டிலில் இருப்பது மிகவும் கெட்டியானது, 0.22 மைக்ரான் ஃபில்டரை அடைத்துவிடும். நீர்த்த கரைசல் போகும், ஆனால் எவ்வளவு ஃபில்டரிலேயே நின்றது என்று தெரியாது. நடைமுறையில் வழி எளிது: கொலாஜனை ஸ்டெரைலாகவே (கிருமியில்லாமல்) வாங்குங்கள், அமிலத்தை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள். யு.வி. விளக்கைப் பூச்சின் மேல் மணிக்கணக்கில் போட வேண்டாம், அது பிணைப்புகளை உண்டாக்கவும் செய்யும், இழையைத் துண்டாக்கவும் செய்யும்.

ஜெலட்டினும் கொலாஜன்தானே, அதையே பூசிட்டா என்ன?

சில செல்லுக்குப் பூசலாம். 0.1 சதவீத ஜெலட்டின் ரத்தக்குழாய் உட்சுவர் செல்களுக்கும் எலிக் கருத் தண்டு செல்களுக்கும் நெடுநாள் வழக்கம், ஆட்டோகிளேவும் செய்யலாம், செலவும் குறைவு. ஆனால் செல் அதைப் பிடிக்கும் கை வேறு. பின்னல் அவிழ்ந்ததும் முதலில் சொன்ன இன்டெக்ரின்கள் தேடும் உருவம் போய்விடுகிறது. மாறாக, உள்ளே மறைந்திருந்த வேறொரு வரிசை வெளியே தெரிய, வேறு இன்டெக்ரின்கள் அதைப் பிடிக்கின்றன. சீரத்திலுள்ள ஃபைப்ரோனெக்டினும் ஜெலட்டினில் நன்றாக ஒட்டும்.

அதனால் ஒட்டுவது மட்டும் நோக்கம் என்றால் சரி. செல் எப்படி நகர்கிறது, என்ன செய்தி பெறுகிறது என்று ஆராய்ந்தால், கொலாஜன் என்று எழுதிவிட்டு ஜெலட்டின் போடக் கூடாது. தெரியாமல் போடுபவர்கள்தான் அதிகம், மேசை மேல் விட்ட பாட்டிலின் கதை அதுதான்.

மருந்துக்கடையில கொலாஜன் பவுடர் விக்குதே, விலை குறைவு?

அது நொதியால் துண்டு துண்டாக வெட்டிய பெப்டைடு. குடிக்க எளிதாகக் கரைய வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். சேமியாவை ரவையாக அரைத்த மாதிரி. பின்னலும் இல்லை, நீளமும் இல்லை, ஸ்டெரைலும் இல்லை.

செல் போட்டதும் மீடியம் மஞ்சளாயிடுச்சு, கன்டாமினேஷனா?

போட்ட உடனே மஞ்சளானால் கிருமி அல்ல, கழுவாத அமிலம். மீடியத்தில் உள்ள பீனால் ரெட் சாயம் அமிலத்தில் மஞ்சளாகும், அது பொய் சொல்லாது. உடனே மீடியத்தை மாற்றுங்கள், செல் பிழைக்கலாம். 96 குழி பிளேட்டில்தான் இது அதிகம் நடக்கும், மூலைகளில் திரவம் தங்கிவிடும்.

செல் எல்லாம் வட்டமா ஓரத்துல மட்டும் ஒட்டியிருக்கு. நடுவுல காலி.

காபி டபராவை மேசையில் வைத்தால் அடியில் வளையம் விழுமே, அதே கதை. கரைசல் குறைவாக ஊற்றி, மூடாமல் விட்டு, காய்ந்திருக்கும். காயும்போது ஓரத்தில் கொலாஜன் குவியும். நடுவில் குமிழி நின்றிருந்தால் அந்த இடமும் வட்டமாக வெறிச்சோடும். பூச்சு சரியாக இருந்தும், செல் போட்ட பிறகு பிளேட்டைச் சுழற்றினாலும் இப்படி ஆகும். எது என்று அறிய அந்தக் கொலாஜன் இல்லாத குழியைப் பாருங்கள்: அதிலும் வளையம் என்றால் தப்பு உங்கள் கையசைவில்.

பூசின பிளேட்டைக் காயவெச்சு எடுத்து வைக்கலாமா?

வைக்கலாம். பி.பி.எஸ்.ஸால் கழுவிய பிறகு ஸ்டெரைல் தண்ணீரால் ஒருமுறை கழுவி, அப்புறம் ஹூட்டில் மூடி திறந்து உலரவிடுங்கள். தண்ணீர்க் கழுவலை விட்டால் உப்பு படிகமாகும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பயந்துபோவீர்கள். பாராஃபிலிம் சுற்றி 4 டிகிரியில் ஓரிரு வாரம் வைத்திருக்கிறேன், குறையில்லை. மேலே தேதி எழுதுங்கள். உலர்ந்த கொலாஜன் பிளேட்டும் சாதா பிளேட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். பெயர் எழுதாத பிளேட்டை நம்பி ஒரு முழு எலியின் கல்லீரல் செல்களை நான் இழந்திருக்கிறேன், அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

உறிஞ்சி எடுத்த கரைசலை அடுத்த பிளேட்டுக்கு ஊத்தலாமா?

மேலே சொன்னபடி அதில் நிறைய கொலாஜன் மிச்சமிருப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு என்று தெரியாது, ஸ்டெரைலும் சந்தேகம். முதல் பிளேட்டும் இரண்டாம் பிளேட்டும் ஒரே சோதனையில் இருக்கப் போகிறது என்றால் செய்யவே செய்யாதீர்கள்.

பூச்சு விழுந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒரு குழியைத் தியாகம் செய்து சிரியஸ் ரெட் சாயம் ஊற்றிக் கழுவினால் கொலாஜன் உள்ள இடம் சிவக்கும், சீராக இருக்கிறதா என்பதும் தெரியும். பின்னல் முழுசாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது, அதற்கு உறைய வைக்கும் சோதனை. கடைசித் தீர்ப்பு செல்லுடையது. பூசிய குழி, பூசாத குழி, செல் பிடிக்காத ஆல்புமின் புரதம் மட்டும் பூசிய குழி மூன்றிலும் சீரம் இல்லாத மீடியத்தில் செல்லைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மெதுவாகக் கழுவி எண்ணுங்கள். சீரம் சேர்த்தால் சோதனை செல்லாது, காரணம் முதலிலேயே சொன்னேன்.

மெல்லிய பூச்சுக்கும் ஜெல்லுக்கும் என்ன வித்தியாசம்? ஜெல் எப்படிப் போடுறது?

பூச்சு என்பது பிளாஸ்டிக்கின் மேல் போட்ட கோலம் மாதிரி. செல்லுக்கு அடியில் இன்னும் பிளாஸ்டிக்தான். ஜெல் என்பது மெத்தை. பாலிஸ்டைரீனின் விறைப்பு சுமார் 3 கிகாபாஸ்கல், கொலாஜன் ஜெல்லுடையது சில நூறு பாஸ்கலோ அதற்கும் கீழோ. கோடி மடங்கு வித்தியாசம், செல் இதை நன்றாகவே உணரும்.

2 மி.லி. ஜெல், மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாட்டில் மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம். எல்லாம் ஐஸில்: பத்து மடங்கு பி.பி.எஸ். 0.2 மி.லி., ஸ்டெரைல் தண்ணீர் 1.03 மி.லி., 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 17 மைக்ரோலிட்டர் ஆகியவற்றை முதலில் கலந்து, கடைசியாக 0.75 மி.லி. கொலாஜன். காரம் என்பது கொலாஜன் கன அளவில் 0.023 பங்கு, 0.02 மோலார் அமிலத்தில் வந்த பாட்டிலுக்கு மட்டும் இந்தக் கணக்கு. பி.எச். 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் வர வேண்டும். ஊற்றி, 37 டிகிரியில் அரை மணி நேரம். உறையவில்லை என்றால் பி.எச். குறைவு, அல்லது கொலாஜன் கெட்டுவிட்டது. பிபெட்டிலேயே உறைந்தால் ஐஸை விட்டு வெளியே வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஜெல்லுக்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் போட்டேன், ரெண்டு நாள்ல ஜெல் சுருங்கிப் பொத்தான் மாதிரி ஆயிடுச்சு!

கெடவில்லை, ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்கள் இழைகளைப் பிடித்து இழுக்கின்றன. 1979-ல் பெல்லும் அவருடைய சகாக்களும் இதையே ஒரு ஆய்வுமுறையாக்கினார்கள், காயம் சுருங்குவதைப் படிக்க இன்றும் பயன்படுகிறது. உங்களுக்குச் சுருங்கக் கூடாது என்றால் செல் எண்ணிக்கையைக் குறையுங்கள், கொலாஜன் அடர்த்தியைக் கூட்டுங்கள். வேண்டுமென்றே ஓரத்தைக் கழற்றி மிதக்க விடுவதும் உண்டு. 1977-ல் எமர்மானும் பிட்டெல்காவும் எலியின் பால் சுரப்பிச் செல்களை மிதக்கும் ஜெல்லில் வைத்தபோது, பிளாஸ்டிக்கில் தட்டையாகிப்போகும் அதே செல்கள் சுரப்புச் செல்லின் உருவத்தைத் தக்கவைத்துக்கொண்டன.

கொலாஜன்ல ஒட்டின செல்லை டிரிப்சின் எடுக்குமா?

மெல்லிய பூச்சிலிருந்து எடுக்கும், வழக்கத்தைவிட ஓரிரு நிமிடம் கூடுதலாகலாம். டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியால் முழுப் பின்னலை வெட்ட முடியாது, அது செல்லின் பிடியைத்தான் வெட்டுகிறது. ஜெல்லுக்குள் புதைந்த செல்லுக்கு, கொலாஜனையே வெட்டும் கொலாஜனேஸ்தான் வேண்டும். கொலாஜனேஸுக்குக் கால்சியம் தேவை, அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. உள்ள திரவத்தில் கழுவிவிட்டு அதைப் போட்டால் மணிக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

கண்ணாடி கவர்ஸ்லிப்ல நிக்கவே மாட்டேங்குது.

புதுக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அமிலத்தில் ஊறவைத்து, நிறைய தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் வைத்து உலர்த்துங்கள். கவர்ஸ்லிப்பைக் குழிக்குள் போட்டுக் கரைசல் ஊற்றினால் பாதி அடியில் போய்விடும். பாராஃபிலிம் மேல் கவர்ஸ்லிப்பை வைத்து, மேலே ஒரு துளி நிற்கவிடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் முதலில் பாலிலைசின், அதன் மேல் கொலாஜன்.

கல்லீரல் செல் நல்லா ஒட்டிச்சு, ஆனா நாலு நாள்ல ஆல்புமின் குறைஞ்சிடுச்சு. கொலாஜன் தப்பா?

கொலாஜன் தப்பில்லை, எதிர்பார்ப்புதான். விறைப்பான தளத்தில் மெல்லிய பூச்சின் மேல் கல்லீரல் செல் ஒட்டும், தட்டையாகும், சில நாட்களில் ஆல்புமின் சுரக்கும் தன் தொழிலை மறக்கும். மருந்தைச் சிதைக்கும் நொதிகளும் அதோடு குறையும். 1989-ல் டன்னும் சகாக்களும் கீழே ஒரு ஜெல், நடுவில் செல், மேலே இன்னொரு ஜெல் என்று சாண்ட்விச்சாக வைத்து, வாரக்கணக்கில் ஆல்புமின் சுரக்க வைத்தார்கள். ஓரிரு நாள் சோதனை என்றால் மெல்லிய பூச்சு போதும். மருந்துச் சோதனை ஒரு வாரம் ஓடும் என்றால் சாண்ட்விச் போடுங்கள்.

அதே செல், அதே மருந்து, புது பாட்டில் திறந்ததும் ரிசல்ட் மாறிடுச்சு. எப்படி?

லேபிளைப் படியுங்கள். பட்டியலில் 'மில்லிலிட்டருக்கு 3 முதல் 4 மில்லிகிராம்' என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) சரியான அடர்த்தி பாட்டிலின் மேல் தனியாக இருக்கும். பழையது 3.2, புதியது 3.9 என்றால், பழைய கணக்கிலேயே நீர்த்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் போட்டிருக்கிறார். மெல்லிய பூச்சில் அது பெரிதாகத் தெரியாது. ஜெல்லில் விறைப்பே மாறிவிடும், மருந்து உள்ளே ஊடுருவும் வேகமும் மாறும். புது லாட் வந்ததும் பழையது தீர்வதற்கு முன் இரண்டையும் ஒரே நாளில், ஒரே செல்லில் போட்டுப் பாருங்கள். லாட் எண்ணை நோட்டில் எழுதுங்கள், பாட்டிலைத் தூக்கிப்போட்ட பிறகு என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது.